கூறியது கூறல்

தமிழிலக்கியம் கற்பிக்கும் ஒருவருக்கு ரக்பி ஆட்டத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். நியாயமான வினாதான். பள்ளி நாள்களில் ஓட்டப்பந்தயம் என்றாலே தலைவலி வந்துவிடும் இனத்தைச் சேர்ந்தவர் நாம். ரக்பிப் பந்து உருண்டையாக இராது, நீண்டிருக்கும் என்பதற்கு மேல் அவ்வாட்டத்தைப் பற்றி 2024ஆம் ஆண்டின் ஆகஸ்டு மாதம் வரை நாம் எதையும் அறிந்திருக்கவில்லை. அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலும் இருந்ததில்லை.

அந்த மாதத்தில் ஒரு பிற்பகல், எம் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் அம்மையார் துறைக்கு வந்தார். கையில் ஒரு தாள்கட்டு. கல்லூரியில் மகளிர் எழுவர் ரக்பி அணி ஒன்றைத் தொடங்கியிருப்பதாகவும், சேர்ந்த மாணவியர் அனைவரும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வருகிறவர்கள் என்றும், ஒருவரைத் தவிர மற்றெல்லாரும் கபடியிலிருந்து வந்தவர்கள் என்றும் கூறினார்.

"ஓடச் சொன்னா ஓடுதுங்க, பிடிக்கச் சொன்னா புலி மாதிரி பிடிக்குதுங்க ஐயா. பிடிச்சதுக்கு அப்புறம் என்ன செய்யணும்ங்கறதுதான் மண்டையில ஏற மாட்டேங்குது. இந்தப் பதினாலாம் சட்டத்தை மட்டும் தமிழ்ல எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா போதும். மத்ததை நான் களத்துல பார்த்துக்கறேன்."

இரண்டே பக்கம். ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம் என்று எண்ணி வாங்கி வைத்தோம். மூன்று வாரங்களாயின. அம்மூன்று வாரங்களில் நாம் கற்றதையும், கற்றோம் என்று செருக்குற்றதையும், பின்னர் பட்டதையும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. மற்ற ஆட்டங்களுக்கு இருப்பவை விதிகள். ரக்பிக்கு இருப்பவை சட்டங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. ரக்பி என்னும் ஊரிலிருந்த பள்ளியின் மாணவர்களே 1845இல் தங்கள் ஆட்டத்துக்கு முதன்முதலாக எழுத்து வடிவம் தந்தார்கள். 1871இல் இங்கிலாந்தில் ரக்பி ஒன்றியம் தோன்றியபோது, சட்டங்களை வரையும் பொறுப்பு அப்பள்ளியின் பழைய மாணவர் மூவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூவரும் வழக்கறிஞர்கள். வழக்கறிஞர் எழுதினால் அது சட்டமாகத்தானே இருக்க முடியும்! இன்று உலக ரக்பி அமைப்பு வெளியிடும் நூலில் இருபத்தொரு சட்டங்கள் உள்ளன. பதினான்காவது டாக்கிள், பதினைந்தாவது ரக்.

இவ்விரு சொற்களுக்கும் தனித்தமிழ் ஆக்கம் தேடி நாம் ஒரு வாரத்தைக் கழித்தோம். டாக்கிளுக்கு 'மடக்குவீழ்த்து' என்றும், ரக்கிற்கு 'நிலைக்குவியல்' என்றும் எழுதிக் கொண்டுபோய் மாணவியரிடம் படித்துக் காட்டியபோது, அவர்கள் மரியாதையின் பொருட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அடக்க முடியாத ஒருத்தி மட்டும் ஷூவின் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டாள். மறுநாளே டாக்கிளும் ரக்கும் அப்படியே தமிழெழுத்தில் ஏறின. பெயர்ச்சொல்லை மக்களிடம் விட்டுவிடலாம். வினைச்சொல்லில்தான் நம் உழைப்பு இருக்கிறது என்று ஆறுதல் கொண்டோம்.

உண்மையும் அதுவே. இச்சட்டத்தின் உயிர் முழுதும் வினைச்சொற்களில் இருக்கிறது.

பந்தை ஏந்தி ஓடுகிறவரை எதிரணியினர் பிடிக்கிறார்கள். அவர் பிடிபட்ட நிலையிலேயே நிலத்தில் வீழ்கிறார். அவருடைய ஒரு முழங்கால் நிலத்தைத் தொட்டாலே போதும், அவர் வீழ்ந்தவராகவே கருதப்படுவார். இதுதான் டாக்கிள். வெறுமனே தள்ளிவிட்டால் அது டாக்கிள் ஆகாது. நிலம் தொடும்வரை பிடி தொடர வேண்டும். இதுவரை எவருக்கும் குழப்பமில்லை. குழப்பம் அடுத்த நொடியில் தொடங்குகிறது. வீழ்ந்தவர், வீழ்த்தியவர், நடுவில் ஒரு பந்து, ஓடிவரும் பன்னிரண்டு கால்கள். இந்த இடத்தைத்தான் ஆட்டக்காரர்கள் 'பிரேக்டவுன்' என்கிறார்கள்.

இங்கே தடுப்பவருக்குச் சட்டம் இடும் கட்டளைகள், நம் முதற்பார்வைக்கு வியப்பூட்டுவனவாக இருந்தன. பிடித்தவரோடு தானும் நிலத்தில் வீழ்ந்தவர் உடனே பந்தையும் வீழ்ந்தவரையும் விட வேண்டும். விலக வேண்டும், அல்லது எழ வேண்டும். எழுந்து தன் கால்களில் நின்ற பின்னரே பந்தில் கை வைக்கலாம். வீழ்ந்தவர் பந்தை விடுவதற்கோ தள்ளுவதற்கோ இடம் தர வேண்டும். வீழ்ந்தவரும் அவ்வாறே பந்தை வைத்துக்கொண்டு படுத்திருக்க முடியாது. உடனே விட்டாக வேண்டும். வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒரே கட்டளை: விடு.

மாணவியர் இதை ஏன் ஏற்க முடியாமல் தவித்தார்கள் என்பது நமக்கு அப்போதுதான் விளங்கிற்று. கபடியில் பிடித்தவர் விடலாகாது. பாடி வந்தவரின் மூச்சு அறும்வரை, ஊதல் கேட்கும்வரை, கணுக்காலையோ இடுப்பையோ விடாமல் இறுக்குவதே அங்கு அறம். விட்டால் அவர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார், விட்டவர் வெளியேறுவார். பத்து வயது முதல் 'விடாதே, விடாதே' என்று ஊரே கத்தக் கேட்டு வளர்ந்த கைகளிடம், வீழ்த்திய மறுகணமே விட்டுவிடு என்று ஒரு தாள் சொன்னால் அக்கைகள் நம்புமா?

'உடனே' என்றால் எவ்வளவு நேரம் என்று இயக்குநரிடம் கேட்டோம். நொடிக்கணக்கு ஏதும் சட்டத்தில் இல்லை. "ரெஃப்ரி ஊதினா லேட்டுன்னு அர்த்தம்ங்க ஐயா" என்றார். பேராசிரியர்களுக்கும் இவ்வளவு சுருக்கமாக உரை எழுத வராது.

அடுத்து, 'தன் கால்களில் நிற்றல்'. இது வழக்கில் உள்ள தொடர்தானே, எழுதிவிட்டுப் போகலாம் என்றிருந்தோம். ஆனால் சட்டநூல் இதற்கும் ஒரு வரையறை வைத்திருக்கிறது. உடலின் வேறெந்தப் பகுதியும் நிலத்தாலோ, நிலத்தில் கிடப்பவராலோ தாங்கப்படாமல் இருந்தால்தான் ஒருவர் தன் கால்களில் நிற்பவர் ஆவார். கையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு பந்தை எடுக்க முடியாது. வீழ்ந்து கிடப்பவரின் முதுகில் சாய்ந்துகொண்டும் எடுக்க முடியாது. 'சொந்தக் காலில் நிற்பது' என்று நாம் பேச்சில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! வீழ்ந்தவர்மேல் சாய்ந்து நிற்பது நிற்பதாகாது என்ற கூறு அதற்குள் இருக்கலாம் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. அன்றிரவு நெடுநேரம் அவ்வரையறையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்னர், வாசல். பந்தை எடுக்க வருகிற எவரும் தம் அணியின் கோட்டுப் பக்கத்திலிருந்து நேராக வர வேண்டும். பக்கவாட்டில் நுழையக் கூடாது. ஆட்டக்காரர்கள் அந்தக் கற்பனைத் திறப்பை வாசல் என்பார்கள். 2018க்கு முன்பு வீழ்த்தியவருக்கு மட்டும் இதில் ஒரு சலுகை இருந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டால் எந்தத் திசையிலிருந்தும் பந்தை எடுக்கலாம். அச்சலுகை நீக்கப்பட்டது, இப்போது அவரும் தம் பக்கத்து வாசலுக்கு வந்துதான் எடுக்க வேண்டும். இதை விளக்க நமக்கு ஒரு மாணவி உதவினாள்: "கொல்லைப்பக்கமா வரக் கூடாது, தலைவாசல் வழியாத்தான் வரணும், அதானேங்க ஐயா?" அப்படியே எழுதிக்கொண்டோம்.

இத்தனைக்கும் உட்பட்டு, எதிரணியின் துணைக்கு ஆள் வருமுன் நின்றபடியே குனிந்து பந்தைக் கவ்வுகிறவரை ஆங்கிலத்தில் நரியின் பெயரால் அழைக்கிறார்கள். நியூசிலாந்தின் ரிச்சி மெக்காவும் ஆஸ்திரேலியாவின் டேவிட் போக்காக்கும் இக்கலையில் பெயர் பெற்றவர்கள். ரக் அமைந்த பின் எவரும் கையால் பந்தைத் தொடக் கூடாது. ஆனால் ரக் அமையுமுன்னரே முறைப்படி கை வைத்துவிட்ட நரி, நின்றுகொண்டிருக்கும்வரை, கையை எடுக்க வேண்டியதில்லை. வீழ்ந்தவர் அப்போதும் விடாது பற்றியிருந்தால் குற்றம் அவருடையது. ஒரு நொடிக்கும் குறைவான காலத்தில் யார் முதலில் விட வேண்டும், யார் முதலில் தொடலாம் என்பதில்தான் ஆட்டமே திரும்புகிறது.

*

ரக் என்றால் என்ன என்று நமக்குப் புரியவைக்க, இயக்குநர் யூடியூபில் ஒரு போட்டியைக் காட்டினார். 2017 பிப்ரவரி 26ஆம் நாள், இலண்டனின் ட்விக்கனம் அரங்கில் இங்கிலாந்தும் இத்தாலியும் ஆடிய ஆறு நாடுகள் போட்டி அது. ரக்பியே அறியாத நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது அந்த ஆட்டம்.

அன்றைய சட்டப்படி டாக்கிளுக்கு ஆஃப்சைடு கோடு கிடையாது. ரக்கிற்கு மட்டுமே உண்டு. ரக் அமைய வேண்டுமானால், நிலத்தில் கிடக்கும் பந்தின்மேல் இரு அணியிலிருந்தும் குறைந்தது ஒருவராவது நின்றபடி ஒருவரையொருவர் தொட்டு மோத வேண்டும். இத்தாலியின் பயிற்சியாளர் கோனர் ஓஷேயின் அணியினர் இவ்வரையறையை எழுத்தெண்ணிப் படித்திருந்தார்கள். அவர்கள் ஆளை வீழ்த்தினார்கள். பிறகு பந்தின்மேல் மோத ஒருவர்கூட வரவில்லை. எதிரில் ஆளில்லாததால் ரக் இல்லை. ரக் இல்லாததால் கோடு இல்லை. கோடு இல்லாததால் இத்தாலியர் சுற்றிக்கொண்டு போய், இங்கிலாந்தின் ஸ்க்ரம்ஹாஃபுக்கும் அவர் பந்தை எறிய வேண்டிய வரிசைக்கும் இடையில் சாவகாசமாக நின்றார்கள்.

இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் திகைத்துப்போனார்கள். ஜேம்ஸ் ஹாஸ்கல் நடுவர் ரோமான் ப்வாத்திடம் சென்று, ரக் அமைய நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நான் நடுவர், உங்கள் பயிற்சியாளர் அல்லன் என்ற பொருளில் ப்வாத் விடையிறுத்தார். இடைவேளையில் இத்தாலி 10-5 என முன்னிலை. இரண்டாம் பாதியில் இங்கிலாந்து வழி கண்டுபிடித்து 36-15 என வென்றது. வென்ற பின்னும் அதன் பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் கடுஞ்சினத்தில் இருந்தார். அன்று நடந்தது ரக்பியே அன்று என்பது அவருடைய கருத்து.

நாமோ இத்தாலியின் பக்கம் நின்றோம். நூற்பா சொல்லாததை நூற்பாவின் தலையில் ஏற்ற முடியாது என்பது இலக்கணம் படித்தவருக்கு முதற்பாடம். சட்டம் ஓரிடத்தில் மௌனமாக இருக்கிறதென்றால், அம்மௌனத்தில் குடியேறுகிறவன் திருடன் ஆவானா? மறுவாரம் முதுகலை வகுப்பில் உரையாசிரியர்களைப் பற்றிப் பேசும்போது இந்தப் போட்டியையே எடுத்துக்காட்டாகச் சொன்னோம். மூலம் எழுதியவர் நினைத்தது வேறு, எழுதியது வேறு. நடுவர் எழுதியதற்கே கட்டுப்பட்டவர் என்று முழங்கினோம். மாணவர்கள் விழித்திருந்து கேட்டார்கள். நமக்குப் பெருமிதமாக இருந்தது.

உலக ரக்பி அமைப்பு அந்த மௌனத்தை நெடுங்காலம் விட்டுவைக்கவில்லை. அதே 2017 ஆகஸ்டில் மாற்றம் சோதனைக்கு வந்து, 2018இல் சட்டமாயிற்று. இப்போது பந்தின்மேல் ஓர் அணியின் ஒரே ஒருவர் நின்றாலும் போதும், டாக்கிளிலேயே இரு பக்கமும் ஆஃப்சைடு கோடுகள் பிறந்துவிடும். இத்தாலியின் அந்தப் பிற்பகல் இனித் திரும்பி வராது. சட்டத்தில் ஓர் ஓட்டை என்றால், அதைக் கண்டவரைத் திட்டுவதைக் காட்டிலும் அடைப்பதே நேர்மை என்று அதையும் வகுப்பில் சொல்லிவைத்தோம். பின்னாளில் இது நமக்கே பாடமாகும் என்று அப்போது அறியோம்.

*

மொழிபெயர்ப்பு செப்டம்பர் நடுவில் முடிந்தது. ஒரே ஒரு பக்கம்! மூலம் இரண்டு பக்கம். இதைத்தான் நாம் பெரிதும் மெச்சிக்கொண்டோம். நன்னூலார் கூறும் பத்து அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல் அன்றோ? மூலத்தில் சொன்னதையே திரும்பச் சொல்லும் இடங்கள் சில இருந்தன. வீழ்த்தியவர் பந்தையும் ஆளையும் விட வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு, பிறகு 'பிற ஆட்டக்காரர்' என்ற தலைப்பின்கீழும், நின்றுகொண்டே இருந்து பந்தையும் ஆளையும் உடனே விட வேண்டும் என்று மீண்டும் எழுதியிருந்தார்கள். 'விடுக' என்பது ஒருமுறை சொன்னால் போதாதா? கூறியது கூறல் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து, இரண்டாவதை அடித்தோம். நம் தாளில் அவ்விடம் இவ்வாறு நின்றது: வீழ்த்தித் தானும் வீழ்ந்தவர் உடனே விட வேண்டும், பிறர் நின்றபடி, தம் வாசல் வழியே வந்து பந்தை எடுக்கலாம்.

படிக்க அழகாக இருந்தது. இயக்குநர் அதை நெகிழித்தாளில் ஒட்டி மாணவியருக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். ஷூவின் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்தவள் என்று மேலே சொன்னோமே, அந்த மாணவி அத்தாளை மனப்பாடமே செய்துவிட்டாள். எந்த வரியில் தொடங்கினாலும் முடிப்பாள். தந்தை இல்லாத பிள்ளை. தாய் செங்கல் சூளையில் வேலை. மாநில அளவில் ஒரு சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாய்ப்புண்டு என்று யாரோ சொல்லிக் கேட்டு ஆட வந்தவள். தமிழிலக்கியத்தில் நமக்குக் கிட்டாத மாணவி ரக்பியில் கிட்டினாள் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தோம்.

2025 ஜனவரியில் கல்லூரிகளுக்கிடையே ஒரு போட்டி. நாமும் பேருந்தில் உடன் சென்றிருந்தோம். பாதிக்கு ஏழு நிமிடம் என்று பதினான்கு நிமிடங்களில் முடிந்துவிடும் ஆட்டம். அரையிறுதி. இரு அணிகளும் சமநிலையில் இருக்க, கடைசி நிமிடம். எதிரணியின் ஒருத்தி எம் கோட்டை நோக்கி ஓடி வந்தாள். எம் அணியினர் இருவர் அவளைப் பிடித்தார்கள். ஒருத்தி தொடையைப் பற்றி, அவளோடு தானும் வீழ்ந்தாள். மற்றவள், நம் மனப்பாட மாணவி, தோளைப் பற்றி அழுத்தி வீழ்த்தினாள். ஆனால் தான் வீழவில்லை. நின்றாள். நின்றபடியே, தோளைப் பற்றிய இடக்கையை எடுக்காமல், வலக்கையைப் பந்தில் வைத்து இழுத்தாள். பந்து வந்துவிட்டது! நாம் எழுந்து நின்று கைதட்டினோம்.

ஊதல் ஒலித்தது. நடுவரின் கை எதிரணியின் பக்கம் நீண்டது. பெனால்டி. எதிரணியினர் கணமும் தாழ்க்காமல் பந்தைக் காலால் தட்டி எடுத்து ஓடினார்கள். எம் பெண்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கோட்டுக்கு அப்பால் பந்து தரையில் வைக்கப்பட்டது. ஐந்து புள்ளிகள். ஆட்டம் முடிந்தது.

நாம் முதலில் செய்தது நடுவரை வைதது. அவள் வீழவேயில்லையே, நின்றுதானே எடுத்தாள், சட்டம் தெரியாத நடுவர் என்று அருகில் இருந்தவர்களிடம் உரக்கவே சொன்னோம். இயக்குநர் நம்மை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

அம்மாணவி நம்மிடம் வந்தாள். அழுதிருந்தாள், முகத்தில் மண்.

"ஐயா, நான் கீழ விழலையேங்க. விழுந்தவங்கதானே விடணும்? நம்ம தாள்ல அப்படித்தானேங்க ஐயா இருக்கு?"

'நம்ம தாள்' என்றாள். 'உங்க தாள்' என்று அவள் சொல்லியிருந்தால் ஒருவேளை நமக்கு அவ்வளவு வலித்திராது.

பேருந்தில் திரும்பும்போது மூலத்தை எடுத்துப் பார்த்தோம். பிற ஆட்டக்காரர் என்ற தலைப்பின்கீழ் முதலாவதாகவே அக்கட்டளை இருந்தது. நாம் அடித்த பென்சில் கோடும், ஓரத்தில் நம் கையெழுத்தில் கூறியது கூறல் என்ற குறிப்பும் அப்படியே இருந்தன. 2018இல் சட்டநூல் முழுவதையும் எளிமையாக்கிச் சொற்களைப் பெருமளவு குறைத்தவர்கள், இந்த ஒரு வினைச்சொல்லை மட்டும் இரண்டு இடத்திலும் விட்டுவைத்திருக்கிறார்களே, ஏன் என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை. வீழ்ந்தவருக்கு இருக்கும் ஆசை வேறு, நிற்பவருக்கு இருக்கும் ஆசை வேறு. வீழ்ந்தவர் எழுந்திருக்கும் சோம்பலில் பற்றிக்கிடப்பார். நிற்பவர் தான் ஏற்கெனவே நிற்கிறோம் என்ற உரிமையில் பற்றியிருப்பார். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குச் சொன்னதாகாது. அதனால்தான் சட்டம் இருவரையும் தனித்தனியே பெயர் சொல்லி அழைத்து, தனித்தனியே விடச் சொல்கிறது. நிற்பவர் ஒரு கணம் கையை எடுத்து, விட்டேன் என்பது நடுவர் கண்ணுக்குத் தெரிந்த பின்னரே பந்துக்குக் குனிய முடியும். நடுவர்கள் அந்த வெளிச்சத்தைத்தான் தேடுகிறார்கள் என்று இயக்குநர் பின்னர் சொன்னார். அவர் களத்தில் பலமுறை அதைச் சொல்லியும் இருக்கிறார். ஆனால் எழுத்தில் இருப்பதை அம்மாணவி அதிகம் நம்பினாள். எழுதியவர் தமிழ் ஐயா அல்லவா?

நன்னூலார் பத்துக் குற்றங்களில் கூறியது கூறலைச் சொல்வதற்கு முன்னர், முதலாவதாகச் சொல்வது குன்றக் கூறல். இருபது ஆண்டுகளாக இதை நடத்துகிறோம். ஒரு குற்றத்துக்கு அஞ்சி மற்றொன்றில் விழுந்தோம். நமக்குப் பதிலாகத் தண்டம் பெற்றது ஓர் இருபது வயதுப் பெண்.

*

மறுநாள் மாணவியரை அழைத்து, பிழை நம்முடையது, நடுவர் ஊதியது சரி என்று சொன்னோம். ஆசிரியர் இப்படிச் சொல்வதைக் கேட்டுப் பழகாத முகங்கள். ஓரிருவர் சங்கடத்தில் தரையைப் பார்த்தார்கள். மனப்பாட மாணவி, "பரவாயில்லைங்க ஐயா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றாள். ஆனால் அவளுக்கு அது இறுதியாண்டு. அவளுக்கு அடுத்த தடவை எங்கே என்று அவளும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இரண்டாம் பதிப்பை எழுதினோம். இம்முறை மூன்று பக்கம் வந்தது. விடுக என்னும் சொல் அதில் ஐந்து இடங்களில் வருகிறது. வீழ்த்தி வீழ்ந்தவருக்கு ஒன்று, வீழ்த்தி நின்றவருக்கு ஒன்று, வீழ்த்தப்பட்டவருக்கு ஒன்று. பிறகு, கபடியிலிருந்து வந்த கைகளுக்கென்று நாமே சேர்த்த குறிப்பில் இரண்டு: கபடியில் விட்டால் போயிற்று, இங்கே விடாவிட்டால் போயிற்று என்று. இக்குறிப்பு மூலத்தில் இல்லை. உரை என்று தனியே கோடிட்டுக் காட்டியிருக்கிறோம்.

மற்றொன்றையும் சேர்த்தோம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த மாற்றம் அது. பந்தின்மேல் குனிந்து நிற்கும் தடுப்பவரைக் கழுத்தும் உடலுமாகக் கட்டிப் பிடித்து, முதலை இரையைப் புரட்டுவதுபோல் உருட்டித் தள்ளும் முறை இப்போது குற்றம். கால்கள் நிலத்தில் ஊன்றியிருக்க உடல் மட்டும் புரண்டால் முழங்காலின் நாண்கள் என்னாகும் என்று இயக்குநர் தம் கையை முறுக்கிக் காட்டினார். சட்டத்துக்கு நேர்மையாக நின்றவளைக் காக்கச் சட்டம் தாமதமாகவேனும் வந்திருக்கிறது. முதற்பதிப்பில் இதையும் நாம் விட்டிருந்தோம். தாக்குகிறவருக்கு உரியது, எம் பெண்களுக்கு வேண்டாம் என்று. எம் பெண்களுக்கு என்னென்ன நேரக் கூடாது என்பதும் அவர்கள் அறிய வேண்டியதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ட்விக்கனம் போட்டியை இவ்வாண்டும் முதுகலை வகுப்பில் சொன்னோம். இத்தாலியின் கூர்மையைப் பாராட்டினோம். ஆனால் சென்ற முறை நகைச்சுவையாகச் சொல்லிக் கடந்துபோன ஹாஸ்கலிடம் இம்முறை சற்று நின்றோம். எண்பதாயிரம் பேர் கொள்ளும் அரங்கின் நடுவில், தான் நன்கறிந்த ஆட்டத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டு நின்ற மனிதர் அவர். அவருடைய கேள்வி அறியாமை அன்று. எழுதியவர்கள் விட்ட இடத்தில் காலை வைத்துவிட்டவரின் கேள்வி. மண் படிந்த முகத்தோடு அதே கேள்வியை நாமும் கேட்டிருக்கிறோம் அல்லவா?

சென்ற மாதம் அம்மாணவி கல்லூரிக்கு வந்திருந்தாள். அருகிலுள்ள ஒரு தனியார் பள்ளியில் தற்காலிகமாக உடற்பயிற்சி கற்பிக்கிறாளாம். சான்றிதழுக்காக மாலை வேளைகளில் ஒரு குழுவோடு ஆடியும் வருகிறாள். புதிய மாணவியர்க்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இயக்குநர் சொல்ல, அவளே இறங்கிக் காட்டினாள். ஓடி வந்தவளைத் தோளில் பிடித்தாள், வீழ்த்தினாள், நின்றாள். இரு கைகளையும் விரித்து, எல்லாரும் பார்க்கும்படி, மார்பளவுக்கு உயர்த்தினாள். ஒரு மூச்சு. பிறகு தன் பக்கத்து வாசலில் காலை வைத்துக் குனிந்து பந்தை எடுத்தாள்.

"பார்த்துக்கிட்டீங்களா? விட்டுட்டுத்தான் எடுக்கணும்" என்று அவர்களிடம் சொன்னாள். அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஆயினும் மீண்டும் ஒருமுறை, சற்று மெதுவாக, "விட்டுட்டுத்தான்" என்றாள்.